க்ரோமியம் பூசின எரிபொருள் குழாய்: ஒரு கோட்டிங் லேப்காரியோட ரிவ்யூ

அணு உலைக்குள்ள யுரேனியம் வில்லைகளை அடுக்கி வைக்கிற குழாய் இருக்குல்ல, ஜிர்கோனியம் குழாய், அது மேல இப்ப 15 மைக்ரான் க்ரோமியம் பூசித் தராங்க. தலைமுடி தடிமன்ல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்குதான். "விபத்தைத் தாங்குற எரிபொருள்"னு பேரு வச்சுதான் விக்கிறாங்க. நான் கோட்டிங் லேப்ல வேலை பாக்குறவ, இந்த க்ரோமியம் கோட்டிங்கை என் கையாலயே வெட்டி, மவுன்ட் பண்ணி, பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்ல பாத்து, நீராவியில சுட்டு எல்லாம் பண்ணியிருக்கேன் (கதிர்வீச்சு படாத வெறும் குழாய்த் துண்டுலதான்), அதனால இதப் பத்தி ஒரு நேர்மையான ரிவ்யூ எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்தப் பொருள் பிடிச்சிருக்கு. ஆனா அவங்க எதச் சொல்லி விக்கிறாங்களோ அதுக்காக இல்ல.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் பின்கதை. ஒரு பெரிய பி.டபிள்யூ.ஆர் உலைல (தண்ணியைக் கொதிக்க விடாம அழுத்தத்துல வச்சிருக்கிற அழுத்தநீர் உலை) 193 எரிபொருள் கட்டு இருக்கும், ஒவ்வொண்ணுலயும் 264 குழாய், மொத்தம் 50,952 குழாய். ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம், வெளி விட்டம் 9.5 மில்லிமீட்டர், சுவர் தடிமன் வெறும் 0.57 மில்லிமீட்டர். எல்லாத்தையும் வரிசையா நீட்டி வச்சா ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வரும். இதுக்கு ஏன் ஜிர்கோனியம்னா அது நியூட்ரானை அவ்வளவா விழுங்காது, சூடான தண்ணியிலயும் சுலபத்துல அரிக்காது. எங்க ஊர்ப் பக்கத்துக்கும் இதுக்கும் நல்ல சம்பந்தம் இருக்கு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருந்து ஜிர்கான்ங்கற ஜிர்கோனியக் கனிமத்தைப் பிரிச்சு எடுக்கிறாங்க, தூத்துக்குடி மாவட்டம் பழையகாயல்ல ஜிர்கோனியம் ஸ்பாஞ்ச் (பஞ்சு மாதிரி துளை துளையா இருக்கிற உலோகம்) தயாரிக்கிற ஆலை இருக்கு, ஹைதராபாத் என்.எஃப்.சி-ல, அதாவது அணு எரிபொருள் வளாகத்துல, அது குழாயா மாறுது. அந்தப் பழையகாயல் ஆலை வாசலைத் தாண்டி பஸ்ல போறப்ப எல்லாம் உள்ள என்ன நடக்குதுன்னு யோசிச்ச பொண்ணுதான் நான்.

சரி, ஜிர்கோனியத்துல என்ன குறை? சாதாரண நாள்ல நல்ல புள்ள. சூடு ஏறினா குணமே மாறிடும். நீராவியில இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கிட்டு ஹைட்ரஜனை வெளிய விட்டுடும், அந்த வேதிவினையே சூட்டையும் கிளப்பும், சூடு ஏற ஏற வினை இன்னும் வேகமாகும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும், இப்படியே போய்க்கிட்டே இருக்கும். ஒரு கிலோ ஜிர்கோனியம் முழுசா ஆக்சைடு ஆனா ஏறக்குறைய 490 லிட்டர் ஹைட்ரஜன் வரும், பேப்பர் பேனா வச்சு நீங்களே கணக்குப் போட்டுப் பாக்கலாம். ஒரு உலைக்குள்ள இருக்கிறதோ டன் கணக்குல. 2011 மார்ச்ல ஃபுகுஷிமால கட்டடக் கூரை பிச்சுக்கிட்டுப் போனதை எல்லாரும் டிவில பாத்தோம், 12ஆம் தேதி 1ஆம் யூனிட், 14ஆம் தேதி 3ஆம் யூனிட், 15ஆம் தேதி 4ஆம் யூனிட். வெடிச்சது இந்த ஹைட்ரஜன்தான். அதுக்கு அடுத்த வருஷம் அமெரிக்க காங்கிரஸ் பணம் ஒதுக்கி, இதைத் தாங்குற எரிபொருளைக் கண்டுபிடிங்கன்னு சொல்லிச்சு, அங்க இருந்துதான் இந்த கோட்டிங் வேகம் எடுத்துச்சு.

ஐடியா ரொம்ப எளிமை. ஜிர்கோனியத்தை அப்படியே வச்சுக்கோ, மேல மட்டும் க்ரோமியம் போடு. க்ரோமியம் ஆக்சைடு அடர்த்தியான மெல்லிய தோல் மாதிரி உக்காந்துக்கும், ஆக்சிஜன் உள்ள போறத பயங்கரமா மெதுவாக்கிடும். முழுக் குழாயையே வேற பொருள்ல செய்யலாம்னும் வேலை நடக்குது, சிலிக்கான் கார்பைடு, இரும்பு-க்ரோமியம்-அலுமினியம்னு. அதெல்லாம் இன்னும் தூரம். கோட்டிங்னா இருக்கிற ஆலை, இருக்கிற குழாய், இருக்கிற டிசைன் எதையும் பெருசா மாத்த வேண்டாம். அதனாலதான் எல்லாரும் இதுக்குப் போட்டி போடறாங்க.

இப்ப சந்தைல யார் யார்னு பாத்தா, ஃப்ரமாடோம் கம்பெனி எம்5ங்கற ஜிர்கோனியம்-நியோபியம் குழாய் மேல பி.வி.டி முறைல (என்னன்னு கீழ சொல்றேன்) க்ரோமியம் போடறாங்க, பேரு ப்ரொடெக்ட். 2019ல ஜார்ஜியா மாநிலத்துல இருக்கிற வோக்டில் 2ஆம் யூனிட்ல நாலு கட்டு போட்டாங்க, 18 மாசம் 18 மாசமா மூணு எரிபொருள் சுற்று (சைக்கிள்னு சொல்லுவாங்க) ஓட்டிட்டாங்க, அதாவது நாலரை வருஷம். 2021ல மேரிலாண்ட் கால்வர்ட் க்ளிஃப்ஸ்ல 176 குழாயும் க்ரோமியம் பூசினதா ஒரு முழுக் கட்டே போட்டாங்க. வெஸ்டிங்ஹவுஸ் வேற வழி, கோல்ட் ஸ்ப்ரே, பேரு என்கோர், அதுவும் 2019ல இல்லினாய் பைரன் 2ஆம் யூனிட்ல உள்ள போச்சு. ரஷ்யாவோட ட்வெல் 2021ல ரோஸ்டாவ் 2ஆம் யூனிட்ல மூணு கட்டுல தலா 12 சோதனைக் குழாய் வச்சாங்க. கூடங்குளத்துக்கு எரிபொருள் கொடுக்கிறதும் இதே ட்வெல்தான்கிறதால இத நான் தனியாவே கவனிச்சுக்கிட்டு வரேன். கொரியாகாரங்க க்ரோமியத்தோட அலுமினியமும் சேத்து ஆர்க் முறைல பூசறாங்க.

பி.வி.டி, கோல்ட் ஸ்ப்ரே ரெண்டுல எது நல்லதுன்னு கேப்பீங்க. பி.வி.டின்னா வெற்றிட அறைக்குள்ள க்ரோமியத்தை அணு அணுவா பேத்து எடுத்து குழாய் மேல படிய வைக்கிறது. அடர்த்தியா, வழவழன்னு வரும், குறுக்கு வெட்டுல பாத்தா தூண் தூணா நெருக்கி நிக்கிற மாதிரி தெரியும், எனக்கு அந்தக் காட்சியை எத்தனை தடவை பாத்தாலும் அலுக்காது. குறை என்னன்னா 4 மீட்டர் குழாயை வெற்றிட அறைக்குள்ள விடணும், சுத்திக்கிட்டே இருக்கணும், நேரம் பிடிக்கும். கோல்ட் ஸ்ப்ரேல க்ரோமியம் பவுடரை ஒலியை விட வேகமா வாயுல ஊதி அடிக்கிறாங்க, பவுடர் உருகாது, மோதற வேகத்துலயே அப்பிக்கும். வெற்றிடமே வேண்டாம், வேகமான வேலை. ஆனா மேல்பரப்பு சொரசொரன்னு வரும், அப்புறம் தேய்ச்சு பாலிஷ் பண்ணி ஆகணும், அதனால முதல்ல கொஞ்சம் தடிமனாவே அடிக்கணும். நான் பி.வி.டி பக்கம்தான், அதுலயே வேலை பாக்கறதால ஒரு பாசமும் இருக்கும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

சிலர் கேக்கறாங்க, சைக்கிள் ஹேண்டில்பாருக்கு போடற மாதிரி எலக்ட்ரோ ப்ளேட்டிங் பண்ணா மலிவா முடிஞ்சிடுமேன்னு. அந்த க்ரோமியத்துல மயிரிழை விரிசல் இருக்கும், போடும்போதே ஹைட்ரஜனும் உள்ள புகும், ஜிர்கோனியத்துக்கு ஹைட்ரஜன்னா ஆகவே ஆகாது, உள்ள ஹைட்ரைடா படிஞ்சு குழாயை நொறுங்கற பதத்துக்குக் கொண்டுவந்துடும். இன்னொரு கேள்வி, கட்டிங் டூலுக்குப் போடற டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு ஏன் கூடாது? உலைத் தண்ணியோட சூட்டுல அதுல இருக்கிற அலுமினியம் வெளிய வந்து போமைட்ங்கற அலுமினியம் ஹைட்ராக்சைடா மாறிடுது, கோட்டிங் கெட்டுப் போகுது. பலதைப் போட்டுப் பாத்துட்டுதான் கடைசில வெறும் க்ரோமியத்துக்கு வந்து நின்னிருக்காங்க.

இனிமேதான் என் சொந்தக் கதை. எங்க லேப்ல பெரிய சேம்பர் இல்லாதப்ப ஒரு வெளி கோட்டிங் கடைல வேலை கொடுத்தோம், பேரு வேண்டாம். ட்ரில் பிட், மோல்டு இதுக்கெல்லாம் நல்லா கோட்டிங் போடற இடம்தான். 10 சென்டிமீட்டர் நீளத்துல 30 குழாய்த் துண்டு கொடுத்தேன். ஒரு வாரத்துல வந்துச்சு, வெள்ளி மாதிரி மின்னுச்சு, பாத்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆட்டோக்ளேவ்ல (அழுத்தத்துல தண்ணியைச் சூடாக்குற மூடின கலம்) போட்டு 360 டிகிரி தண்ணியில மூணு நாள் வச்சோம். திறந்தா அடியில பொடிப் பொடியா மினுமினுப்பா கிடக்கு. எடுத்துப் பாத்தா பாதித் துண்டுக்கு மேல ஒரு ஓரத்துல தோல் உரிஞ்ச மாதிரி கோட்டிங் சுருண்டு நிக்குது. நகத்தால லேசா தொட்டேன், கையோட வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, இது உலைக்குள்ள நடந்தா அந்தப் பொடி எங்க போய் அடையும்னே யோசனை ஓடிட்டு இருந்துச்சு.

மறுநாள் கடைக்குப் போனேன். மெஷின் ஓட்டுற அண்ணன் அனுபவசாலி. "மேடம், ட்ரில் பிட்டுக்கு இதே ரெசிபிதான் பத்து வருஷமா போடறோம், ஒண்ணு கூட உரிஞ்சு வந்ததில்ல"ன்னார். அவர் சொன்னது பொய்யில்ல. ஸ்டீலுக்கு அது போதும். ஜிர்கோனியம் காத்து பட்ட உடனே ஆக்சைடு தோல் போட்டுக்கும், அத சேம்பருக்குள்ளயே ஆர்கான் அயனியால அடிச்சு எடுத்தாதான் க்ரோமியம் நேரா உலோகத்து மேல உக்காரும். அந்த ஆர்கான் நேரத்தை அவங்க ஸ்டீல் கணக்குல வச்சிருந்தாங்க. ஓரத்துல உரிஞ்சதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு, க்ளவுஸ் இல்லாம ஜிக்ல (துண்டைப் பிடிச்சு வைக்கிற சட்டம்) மாட்டியிருக்காங்க, விரல் பட்ட இடம். "அண்ணே, ஆர்கான் நேரத்தை நாலு மடங்கு ஆக்குங்க, வாடகை நான் தரேன், மாட்டறது நானே மாட்டறேன்"னு சொல்லி அன்னைக்கு முழுக்க அங்கயே இருந்தேன். அவரே அப்புறம் ஒரு விஷயம் கண்டுபிடிச்சு சொன்னார், ஜிக் சுத்தறது ஒரு அச்சுல மட்டும், துண்டு தன்னைத்தானே சுத்தல, அதனால ஒரு பக்கம் தடியாவும் இன்னொரு பக்கம் மெலிசாவும் படியுது. வெட்டிப் பாத்தா உண்மைதான், ஒரு பக்கம் 9 மைக்ரான், எதிர்ப் பக்கம் 4. அவரே சின்ன கியர் வச்சு சுத்த வச்சார். ரெண்டாவது பேட்ச் அதே 360 டிகிரில ஒரு மாசம் இருந்தும் ஒரு பொட்டு கூட உரியல.

இத இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இந்தப் பொருளோட தரம் க்ரோமியத்துல இல்ல, அதுக்கும் ஜிர்கோனியத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த எல்லைக் கோட்டுல இருக்கு. 10 சென்டிமீட்டர் துண்டுலயே இத்தனை பாடு. ஒரு உலைக்கு 200 கிலோமீட்டர் நீளத்துக்கு இத சீரா, எங்கயும் விட்டுப் போகாம, அடிப்படைக் குழாயோட பதம் கெடாத சூட்டுக்குள்ளயே பூசணும். யாராவது இத வாங்கற இடத்துல இருந்தா நான் முதல்ல கேக்கச் சொல்ற கேள்வி, எத்தனை டிகிரி தாங்கும்கிறது இல்ல. ஒவ்வொரு குழாயையும் முழு நீளத்துக்கும் எப்படி செக் பண்றீங்க, முனை வெல்டிங் பண்ற இடத்துல கோட்டிங்கை என்ன பண்றீங்கன்னு கேளுங்க.

அடுத்து நீராவிச் சோதனை. 1200 டிகிரி ஃபர்னஸ், நீராவி ஓட்டம், 10 நிமிஷம். வெறும் குழாய்த் துண்டு ஒண்ணு, கோட்டிங் போட்டது ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல. வெளிய எடுத்தா வெறும் குழாய் கருப்பா பளபளன்னு பாக்க அழகாத்தான் இருந்துச்சு. இடுக்கியால லேசா அமுக்கினேன், அப்பளம் மாதிரி படக்குன்னு நொறுங்கிடுச்சு, சத்தம் கூட அப்பளம் உடையற சத்தம்தான். கோட்டிங் போட்டது வெளிய பாசிப் பச்சை கலந்த சாம்பல் நிறம், க்ரோமியம் ஆக்சைடோட நிறம் அது. அமுக்கினா முதல்ல நசுங்குச்சு, இன்னும் அழுத்தினதுக்கு அப்புறம்தான் விரிசல் விட்டுச்சு. அந்த வித்தியாசத்தை கையில உணர்ந்தப்ப உடம்பு சிலிர்த்துச்சு எனக்கு.

ஆனா எடை போட்டுப் பாத்தா ஒரு விஷயம் உறைச்சுது. கோட்டிங் போட்டதுக்கும் எடை கூடித்தான் இருந்துச்சு, வெறும் குழாய்க்குக் கூடினதுல ஏறக்குறைய பாதி. ஏன்னா துண்டு ரெண்டு பக்கமும் திறந்திருந்துச்சு, நீராவி உள்ள போய் உள்பக்கத்தை நல்லா தின்னுடுச்சு. உள்ள கோட்டிங் கிடையாதே. நான் முனையை அடைக்காம விட்டது என் தப்புன்னுதான் முதல்ல நினைச்சேன், அப்புறம் யோசிச்சா உலைல நடக்கறதும் இதுதான். தண்ணி போயிடுச்சுன்னா குழாய் உள் அழுத்தத்துல பலூன் மாதிரி ஊதி ஒரு இடத்துல வெடிக்கும், அங்க 1200 டிகிரி வரவே வேண்டாம், அதுக்கு ரொம்ப முன்னாடியே நடந்துடும். வெடிச்ச வாய் வழியா நீராவி உள்ள போகும். கோட்டிங் போட்டா அந்த பலூன் கொஞ்சம் சின்னதா இருக்கும், வெடிக்கிறது கொஞ்சம் தள்ளிப் போகும், அது நல்லதுதான், ஆனா வெடிக்கவே வெடிக்காதுன்னு இல்ல.

இன்னொரு வரம்பு இருக்கு. க்ரோமியம் தனியா 1907 டிகிரில உருகும், ஜிர்கோனியம் தனியா 1855ல உருகும். ரெண்டும் ஒட்டி இருந்தா ஏறக்குறைய 1330 டிகிரிலயே எல்லைக் கோட்டுல உருக ஆரம்பிச்சிடும். அதுக்கு முன்னாடியே க்ரோமியம் மெல்ல மெல்ல ஜிர்கோனியத்துக்குள்ள ஊறிப் போய்க்கிட்டே இருக்கும், கோட்டிங் மெலிஞ்சுக்கிட்டே வரும். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் ஜிர்கோனியத்துக்கு வச்சிருக்கிற உச்ச வரம்பு 1204 டிகிரி, ஆக்சைடு ஆகறது சுவர்ல 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குப் பக்கத்துல கோட்டிங் பிரமாதமா உழைக்கும். ஃபுகுஷிமா மாதிரி பம்பும் இல்ல கரண்ட்டும் இல்லன்னு மணிக்கணக்கா போற விபத்துல சூடு இதைத் தாண்டிப் போயிடும், அப்ப 15 மைக்ரான் என்ன பண்ணும் பாவம். ஊழியர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வாங்கித் தரும், ஹைட்ரஜன் வர்ற வேகத்தைக் குறைக்கும். அந்த நேரம் பெரிய விஷயம், அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா விபத்தைத் தாங்குறதுன்னு பேர் வச்சா கேக்கற சாதாரண ஜனங்க ஃபுகுஷிமா இனி நடக்காதுன்னு புரிஞ்சுப்பாங்க. அந்தப் பேரை மாத்தணும்னு நான் மனசாரச் சொல்றேன்.

அப்புறம் எதுக்குப் பிடிச்சிருக்குன்னா, தினசரி உழைப்புக்கு. உலைக்குள்ள குழாய்கள் கம்பிச் சட்டத்துல உக்காந்திருக்கும், தண்ணி ஓட்டத்துல நடுங்கி நடுங்கி சட்டத்தோட உரசும், உரசி உரசி ஓட்டையே விழும். தண்ணியில அடிச்சுக்கிட்டு வர்ற சின்ன உலோகத் துணுக்கு மாட்டினாலும் அதே கதிதான். க்ரோமியம் கெட்டியானது, இந்த உரசலை நல்லா தாங்கும். சாதாரண அரிப்பும் குறையும், அரிப்பு குறைஞ்சா ஹைட்ரஜன் உள்ள ஊறறதும் குறையும், அப்ப குழாய் பல வருஷம் கழிச்சும் இளகின தன்மையோட இருக்கும். எரிபொருளை உலைல இன்னும் அதிக நாள் வச்சு எரிக்கலாம்னு கம்பெனிகள் இப்ப யோசிக்கிறாங்களே, 5 சதவீதத்துக்கு மேல செறிவூட்டின யுரேனியம், 24 மாச சைக்கிள்னு, அதுக்கெல்லாம் இந்தக் கோட்டிங்தான் துணை. அணுமின் நிலையம் நடத்தறவங்க காசு கொடுக்கப் போறது இதுக்குத்தான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

செலவுப் பக்கமும் சொல்லணும். க்ரோமியம் நியூட்ரானை விழுங்கும், அணுவுக்கு அணு பாத்தா ஜிர்கோனியத்தை விட 15 மடங்குக்கு மேல. அதனாலதான் இஷ்டத்துக்கு தடிமனா பூச முடியல, 10-20 மைக்ரான்ல நிக்கணும், விழுங்கினதுக்கு ஈடு கட்ட யுரேனியத்தைக் கொஞ்சம் கூடுதலா செறிவூட்டணும்.

கோட்டிங்கே புதுசுன்னு நினைக்காதீங்க. கல்பாக்கத்துல இருக்கிற கனநீர் உலைகளோட எரிபொருள் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா கிராஃபைட் பூசியிருக்கும். 1970கள்ல கனடாக்காரங்க கத்துக்கிட்ட பாடம் அது. உலை ஓடும்போதே கட்டை நகத்தினா திறன் திடீர்னு ஏறும், வில்லை வீங்கி குழாயைத் தள்ளும், வில்லையில இருந்து வர்ற அயோடின் அந்த இடத்துல விரிசலைக் கிளப்பும். நடுவுல ஒரு கிராஃபைட் படலம் போட்டாங்க, வழுக்கலும் கிடைச்சுது, தடுப்பும் கிடைச்சுது, குழாய் ஓட்டையாகறது நல்லாவே குறைஞ்சுது. விளம்பரமே இல்லாம இத்தனை வருஷமா உழைக்கிற கோட்டிங் அது, யாராவது ஸ்டார் கேட்டா அதுக்கு யோசிக்காம 5 கொடுப்பேன்.

க்ரோமியத்துக்கு? பி.டபிள்யூ.ஆர் வச்சிருக்கவங்களுக்கு தினசரி உழைப்புக்கு நாலரை, விபத்துக் கணக்குக்கு மூணு. பி.டபிள்யூ.ஆர் தண்ணியில ஹைட்ரஜன் கரைச்சு வச்சிருப்பாங்க, அதுல க்ரோமியம் சமத்தா இருக்கும். கொதிநீர் உலை, அதாவது உலைக்குள்ளயே தண்ணியைக் கொதிக்க விடற ரகம், நம்ம தாராப்பூரோட முதல் ரெண்டு யூனிட் மாதிரி, அங்க வழக்கமான தண்ணியில ஆக்சிஜன் இருக்கும், க்ரோமியம் மெதுவா கரைஞ்சு தண்ணியோட போயிடும். ஜி.இ கூட்டணி 2018ல ஹாட்ச் 1ஆம் யூனிட்ல வேற கோட்டிங் போட்டுப் பாத்ததே அந்த மாதிரி உலைக்குன்னுதான். கொதிநீர் உலைக்காரங்க வெறும் க்ரோமியத்தை வாங்காதீங்க, அவங்களுக்கான கோட்டிங் தனியா வரட்டும்.